கால்கள் மறக்கவில்லை! நடன மேதை நிஜின்ஸ்கியின் வாழ்க்கை

மேடையில் ஓர் இளம்பெண் நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறாள். அவள் கையிலிருந்த ரோஜாப் பூ நழுவிக் கீழே விழுகிறது. உடனே ஜன்னல் வழியாக ஓர் உருவம் மிதந்து வருகிறது. அதன் உடம்பெல்லாம் ரோஜா இதழ்கள். அது மனிதனா, பூவின் ஆவியா என்று தெரியவில்லை. தூங்கும் பெண்ணைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறது. ஆடி முடித்ததும் ஓடிப் போய், ஒரே தாவலில் ஜன்னலைக் கடந்து மறைந்துவிடுகிறது.

1911-ஆம் ஆண்டில் இந்த ஆட்டத்தைப் பார்த்த ஐரோப்பிய ஜனங்கள் பிரமித்துப் போனார்கள். மேலே போனவர் கீழே இறங்கியதை யாருமே பார்க்கவில்லை! வானத்தில் கரைந்துவிட்டாரோ என்று பேசிக்கொண்டார்கள்.

அப்படித் தாவியவர் வாஸ்லாவ் நிஜின்ஸ்கி.

அவர் மேடையில் கொடி கட்டிப் பறந்தது பத்தே ஆண்டுகள். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் மனநோயோடு வாழ்ந்தார். காற்றில் மிதந்த அந்த மனிதர், நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார்.

நாடோடிக் குடும்பம்

நிஜின்ஸ்கி 1889-ஆம் ஆண்டு கீவ் நகரத்தில் பிறந்தார். இன்று அது உக்ரைன் நாட்டின் தலைநகரம். அன்று ருஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது.

தகப்பனார் தாமஸ், தாயார் எலியனோரா இருவரும் போலந்துக்காரர்கள். இருவருமே நடனக்காரர்கள். ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைத்தார்கள். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் ஸ்தனிஸ்லாவ். அடுத்தவர் வாஸ்லாவ். கடைசியாகத் தங்கை பிரோனிஸ்லாவா.

மூத்த பிள்ளை குழந்தையாக இருந்தபோது மாடி ஜன்னலிலிருந்து விழுந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் அறிவு சரியாக வளரவில்லை. பிற்காலத்தில் அவனை மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. கடைசி வரை அங்கேயே இருந்து, 1918-ல் இறந்தான். தன் பிள்ளைகளில் இரண்டு பேர் மனநோய்க்கு இரையாவதை அந்தத் தாய் பார்த்தாள்.

தகப்பனார் வேறொரு பெண்ணுடன் போய்விட்டார். எலியனோரா மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் குடியேறினாள். அங்கே சக்கரவர்த்தியின் நடனப் பள்ளி ஒன்று இருந்தது. அதில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் சாப்பாட்டுக்கும் எதிர்காலத்துக்கும் கவலை இல்லை. 1898-ல் வாஸ்லாவ் அந்தப் பள்ளியில் சேர்ந்தான்.

பையன் குள்ளம். வாய் திறந்து பேச மாட்டான். கண்கள் சற்றே சாய்ந்திருந்ததால், மற்றப் பையன்கள் அவனை ஜப்பான்காரன் என்று கேலி செய்தார்கள். ஆனால் குதிக்கச் சொன்னால் போதும், ஆசிரியர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அந்தத் திறமையே அவனுக்கு எமனாகவும் வந்தது. 1901-ல் சக மாணவர்கள் அவனைத் தாவச் சொல்லித் தூண்டிவிட்டார்கள். தாவும்போது மோதி விழுந்தான். பல நாட்கள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைப்பானா என்றே சந்தேகமாக இருந்தது.

பிழைத்தான். மறுபடியும் தாவினான்.

பாரீஸ் மயங்கியது

பாலே என்பது மேல்நாட்டு நடனம். அதில் பேச்சு கிடையாது. கதை முழுவதையும் உடம்பாலேயே சொல்ல வேண்டும். பெண்கள் கால்விரல் நுனியில் நின்று ஆடுவார்கள். ஆண்கள் உயரத் தாவுவார்கள். ஆனாலும் நிஜின்ஸ்கி வரும் வரை ஐரோப்பாவில் ஆண் நடனக்காரருக்கு மதிப்பு அதிகம் இல்லை. பெண்ணைத் தூக்கிப் பிடிக்கும் தூண் போலத்தான் அவனை நினைத்தார்கள்.

1907-ல் நிஜின்ஸ்கி பள்ளிப் படிப்பை முடித்தார். சக்கரவர்த்தியின் மாரின்ஸ்கி நாடக மன்றத்தில் வேலை கிடைத்தது. அப்போதுதான் தியாகிலெவ் என்பவரின் பழக்கம் ஏற்பட்டது. தியாகிலெவ் ஆடத் தெரியாதவர். ஆனால் ஆடுபவர், பாடுபவர், படம் வரைபவர் எல்லாரையும் ஒன்று சேர்த்துக் கலை விருந்து படைப்பதில் மன்னர். அவர் 1909-ல் ருஷிய நடனக்காரர்களைப் பாரீசுக்கு அழைத்துக்கொண்டு போனார். அந்தக் குழுவில் அன்னா பாவ்லோவாவும் இருந்தார். பிற்காலத்தில் நமது ருக்மிணி தேவிக்கு நடன ஆசையை மூட்டிய அதே பாவ்லோவாதான்.

பாரீஸ் நகரமே மயங்கிவிட்டது. ஒரே இரவில் நிஜின்ஸ்கியின் பெயர் எல்லாருடைய வாயிலும் புகுந்தது.

நேரில் பார்த்தவர்கள் மட்டும் ஏமாந்து போவார்கள். உயரம் குறைவு. தொடை இரண்டும் மரக்கட்டை போலப் பருத்திருக்கும். விருந்துக்கு அழைத்தால் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். வேடம் போட்டு மேடைக்கு வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். எவ்வளவு புகழ் வந்தபோதும், தினசரிப் பயிற்சியை அவர் விடவில்லை. செக்கெட்டி என்ற இத்தாலிய ஆசிரியரிடம், நேற்றுச் சேர்ந்த மாணவனைப் போல, கால் நீட்டல், மடக்கல், தாவல் என்று ஒவ்வொன்றாகச் செய்வார். அந்தக் கால்களுக்கு ஓய்வே தெரியாது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1911-ல் உயிர் பெற்ற பொம்மையான பெட்ருஷ்காவாக ஆடினார். பொம்மையின் துயரத்தைப் பார்த்துச் சபையினர் கண் கலங்கினார்கள். 1912-ல் நீலக் கடவுள் என்ற நாட்டியத்தில், கண்ணனை நினைவூட்டும் நீல மேனியோடு ஓர் இந்தியத் தெய்வமாக வந்தார். அதே ஆண்டில் தாமே நடனங்களை அமைக்கவும் தொடங்கினார்.

1913 மே 29 அன்று பாரீசில் பெரிய ரகளையே நடந்தது. ஸ்திராவின்ஸ்கியின் இசைக்கு நிஜின்ஸ்கி அமைத்த புதிய நடனம் அரங்கேறியது. பழங்கால ருஷியாவில், வசந்த காலத்துக்குப் பலியாக ஒரு பெண் சாகும் வரை ஆடுகிறாள் என்பது கதை. இசையும் புதிது, ஆட்டமும் புதிது. பாதிப் பேர் கரகோஷம் செய்தார்கள். பாதிப் பேர் கூச்சல் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் மேடையில் இருந்தவர்களுக்கு இசையே காதில் விழவில்லை. நிஜின்ஸ்கி மேடையின் ஓரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று, தாளக் கணக்கைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று அந்த நாட்டியம் உலகக் கலையின் ஒரு திருப்பமாகப் போற்றப்படுகிறது.

கல்யாணமும் கஷ்டமும்

அதே ஆண்டு குழு தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. கடல் பயணம் என்றால் தியாகிலெவுக்கு நடுக்கம். அவர் வரவில்லை. அதுவரை நிஜின்ஸ்கி என்ன செய்ய வேண்டும், யாரோடு பழக வேண்டும் என்பதெல்லாம் அவர் வைத்ததே சட்டம். முதல் தடவையாக அந்தப் பிடி தளர்ந்தது.

கப்பலில் ரொமோலா என்ற ஹங்கேரிப் பெண் இருந்தாள். புகழ் பெற்ற நடிகையின் மகள். நிஜின்ஸ்கியின் ஆட்டத்தில் மயங்கிக் குழுவிலேயே சேர்ந்தவள். அவர் பேசும் பாஷை அவளுக்குத் தெரியாது. அவள் பாஷை அவருக்குத் தெரியாது. இருந்தும் செப்டம்பர் மாதம் போனஸ் அயர்ஸ் நகரில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. செய்தி கேட்ட தியாகிலெவ் கொதித்தெழுந்தார். நிஜின்ஸ்கியை வேலையிலிருந்து நீக்கித் தந்தி வந்தது.

ஆடத் தெரிந்தவருக்குக் குழு நடத்தத் தெரியவில்லை. 1914-ல் லண்டனில் சொந்தமாகக் குழு அமைத்தார். சில நாட்களிலேயே அது கலைந்தது. அந்த ஜூன் மாதம் மூத்த மகள் கீரா பிறந்தாள். இரண்டு மாதத்துக்குள் முதல் உலக யுத்தம் மூண்டது. ருஷியப் பிரஜை என்பதால், புடாபெஸ்ட் நகரில் மாமியார் வீட்டிலேயே காவலில் இருக்க வேண்டியதாயிற்று. மேடை கிடையாது. சபை கிடையாது. அதுவரை ஒரு நாள் கூட ஓயாத உடம்புக்கு அது பெரிய தண்டனை.

1916-ல் விடுதலை கிடைத்தது. அமெரிக்காவில் ஆடினார். 1917-ல் தென் அமெரிக்காவிலும் ஆடினார். ஆனால் மனிதர் மாறிக்கொண்டிருந்தார். யாரோ தமக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற பயம் அவரைப் பிடித்தது. மேடையில் ஏதாவது சாமான் விழுந்தால்கூடத் தம்மைக் கொல்லச் செய்த சதி என்று நினைத்தார்.

கடைசி ஆட்டம்

ஓய்வுக்காகக் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் என்ற மலை ஊருக்குப் போனார்கள். பனியில் சறுக்கினார். மலைப்பாதையில் நெடுந்தூரம் நடந்தார். வீட்டிலேயே பயிற்சி செய்தார். முதலில் எல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் தோன்றியது.

பிறகு இரவெல்லாம் விழித்திருந்து படம் வரைந்தார். காகிதம் முழுவதும் வட்டங்கள், வட்டத்துக்குள் கண்கள். சறுக்கு வண்டியில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஆபத்தான வேகத்தில் ஓட்டினார்.

1919 ஜனவரி 19. அங்கிருந்த ஒரு ஹோட்டலின் கூடத்தில் அவர் ஆடுவதாக ஏற்பாடு. விருந்தினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நிஜின்ஸ்கி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சபையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அசையவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. யாருக்கும் பேசத் துணிவு வரவில்லை. பிறகு எழுந்து, கறுப்புத் துணியையும் வெள்ளைத் துணியையும் தரையில் சிலுவை போல விரித்தார். யுத்தத்தை ஆடினார். செத்துக் கிடந்த சிப்பாய்கள் எல்லாரும் அவர் உடம்பில் புகுந்தது போல இருந்தது.

சபையின் முன்னால் அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். அப்போது வயது முப்பது கூட நிறையவில்லை.

டாக்டரின் தீர்ப்பு

மார்ச் மாதம் ரொமோலா அவரை ஜூரிச் நகரத்துக்கு அழைத்துச் சென்றாள். பிளாய்லர் என்ற மனநோய் நிபுணர் சோதித்தார். இன்று மனச்சிதைவு என்று தமிழில் சொல்லும் நோய்க்கு, 1908-ல் ஸ்கிசோபிரீனியா என்று பெயர் வைத்தவர் இவர்தான். நிஜின்ஸ்கிக்கு வந்திருப்பதும் அதே நோய் என்று அவர் முடிவு செய்தார். குணமாகாது, விவாகரத்து செய்துகொள்வதே நல்லது என்று டாக்டர் யோசனை சொன்னதாக ரொமோலா பிற்காலத்தில் எழுதியிருக்கிறாள். அவள் விவாகரத்து செய்யவில்லை. (நோயின் பெயர் இதுதானா என்பதில், பழைய மருத்துவக் குறிப்புகளைப் படித்த பிற்கால டாக்டர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.)

மனச்சிதைவு என்றால் ஒரு மனிதருக்குள் இரண்டு மனிதர்கள் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நினைப்பு, உணர்ச்சி, செயல் ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதே இந்த நோய். இல்லாத குரல் காதில் கேட்கும். எல்லார் மேலும் சந்தேகம் வரும். இவை கண்ணுக்குத் தெரியும் குறிகள்.

கண்ணுக்குச் சட்டென்று தெரியாத குறிகளும் உண்டு. பேச்சு குறையும். ஆசை வற்றும். எழுந்து நடக்க வேண்டும், குளிக்க வேண்டும் என்ற தூண்டுதலே உள்ளிருந்து வராது. வீட்டார் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். அது சோம்பல் அல்ல, நோய். இப்படிப்பட்டவர் ஏதோ ஓர் ஊரில் ஒருவர் அல்ல. உலகத்தில் சுமார் 300 பேருக்கு ஒருவர் இந்த நோயோடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

நிஜின்ஸ்கிக்கு இரண்டு வகைக் குறிகளும் வந்தன. முதல் வகை மெல்ல மெல்ல ஓய்ந்தது. இரண்டாவது வகை அவரை விடவே இல்லை.

நாற்காலியில் கழிந்த நாட்கள்

கிராய்ட்ஸ்லிங்கன் என்ற ஊரில் பெல்வியூ என்ற தனியார் மனநல விடுதி இருந்தது. நல்ல தோட்டம், நல்ல டாக்டர்கள், நல்ல சாப்பாடு. நிஜின்ஸ்கியை அங்கே சேர்த்தார்கள். 1920-ல் இரண்டாவது மகள் தமாரா பிறந்தாள். அடுத்த ஆண்டு தங்கை பிரோனிஸ்லாவா, அண்ணனைப் பார்ப்பதற்காகவே தாயையும் தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ருஷியாவை விட்டு வெளியேறினாள். வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் அண்ணனைக் கண்டாள். ஒரு காலத்தில் தன்னோடு மணிக்கணக்கில் பயிற்சி செய்த அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தார். பிற்காலத்தில் அவளே உலகப் புகழ் பெற்ற நடன ஆசிரியை ஆனாள்.

சில காலம் பாரீசில் வீட்டில் இருந்தார். 1929-க்குப் பிறகு மீண்டும் பெல்வியூ. எங்கே இருந்தாலும் நாட்கள் ஒன்றுபோலவே கழிந்தன. ஓரிடத்தில் உட்கார்ந்து கட்டைவிரல் தோலைப் பிய்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் பதில் வராது. உடம்பு பருத்தது. தலைமயிர் உதிர்ந்தது.

1928 டிசம்பரில் தியாகிலெவ் ஒரு முயற்சி செய்தார். பழைய கோபம் தணிந்திருந்தது. நிஜின்ஸ்கியைப் பாரீஸ் ஆபரா மன்றத்துக்கு அழைத்துப் போனார். அன்று பெட்ருஷ்கா நாட்டியம். பழைய தோழி கர்சாவினாவே மேடையில் ஆடினாள். தாம் உயிர் கொடுத்த வேடத்தை இன்னொருவர் ஆடுவதை நிஜின்ஸ்கி பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் மேடைக்கு அழைத்துச் சென்று எல்லாரோடும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் அவர் சிரிக்கிறார். அவ்வளவுதான். திரும்பி வந்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். எட்டே மாதத்தில் தியாகிலெவ் இறந்து போனார்.

ஆட்டத்தைக் காட்டினார்கள். யாரும் அவரோடு ஆடவில்லை.

இவ்வளவுக்கும், நோயாளியை உட்கார வைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து டாக்டர்களுக்கே தெரியாத விஷயம் அல்ல. பிளாய்லரே இளமையில் ரைனாவ் என்ற ஊரின் மனநோய் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு ஆண்டுகள் நோயாளிகளோடு நோயாளியாக வாழ்ந்தவர். அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். ஜெர்மனியில் ஹெர்மன் சைமன் என்ற டாக்டர், 1920-களில் கூட்டெர்ஸ்லோ ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பித் தோட்டத்துக்கும் பட்டறைக்கும் அழைத்துப் போனார். சும்மா கிடப்பதாலேயே நோயாளிகள் மேலும் கெட்டுப் போகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. பணக்கார விடுதிகளில் இது அவ்வளவு சுலபம் அல்ல. பணம் கட்டித் தங்கியிருக்கும் பெரிய மனிதரிடம் மண்வெட்டியைக் கொடுப்பது யார்?

இன்றைய வைத்தியம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மனச்சிதைவுக்கு மருந்து வேண்டும். நடையும் விளையாட்டும் மருந்துக்குப் பதில் ஆகாது. ஆனால் மருந்தோடு உடற்பயிற்சியும் சேர்ந்தால் பலன் கூடுகிறது. வாரத்துக்குச் சுமார் 90 நிமிடம், மூச்சு வாங்கும்படி பயிற்சி செய்த நோயாளிகளுக்கு நோயின் குறிகள் குறைந்ததை, பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. உடம்புக்கும் இது அவசியம். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறந்து போகிறார்கள். பெரும்பாலும் அவர்களைக் கொல்வது மனநோய் அல்ல. இருதய நோய், நீரிழிவு போன்றவைதான். சில மருந்துகளே உடம்பைப் பருக்க வைப்பதால் நடை இன்னும் முக்கியம் ஆகிறது.

சிக்கல் எங்கே என்றால், எழுந்து நட என்று சொன்னால் நோயாளி நடக்க மாட்டார். நடக்க வேண்டும் என்ற தூண்டுதலைத்தானே நோய் பறித்துவிட்டது! கூட ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் அவரும் கிளம்புவார். பக்கத்தில் ஆள் இருந்து நடத்தும் பயிற்சிதான் நிலைக்கிறது.

இன்சுலின் ஊசி

ரொமோலா சும்மா இருக்கவில்லை. கணவரை விட்டு ஆண்டுக்கணக்கில் அமெரிக்காவில் இருந்தாள் என்று அவளைக் குறை சொல்வோர் உண்டு. கணவரின் நாட்குறிப்பை வெட்டித் திருத்தி 1936-ல் வெளியிட்டதும் உண்மை. ஆனால் வைத்தியத்துக்குப் பணம் தேடியவளும் அவள்தான்.

1938-ல் டாக்டர் சாக்கெல் என்பவரின் புதிய வைத்தியத்தைச் செய்து பார்த்தாள். நோயாளிக்கு இன்சுலின் ஊசி போடுவார்கள். இரத்தத்தில் சர்க்கரை இறங்கி அவர் நினைவிழப்பார். பிறகு சர்க்கரை கொடுத்து எழுப்புவார்கள். உயிருக்கே ஆபத்தான வைத்தியம். நிஜின்ஸ்கி சற்று முகம் கொடுத்துப் பேசத் தொடங்கினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிற்காலத்தில் இந்த ஊசியில் தனிப்பட்ட நன்மை எதுவும் இல்லை என்று தெரிந்து கைவிட்டுவிட்டார்கள். அப்படியானால் சிலர் தேறியது எப்படி? ஊசி போட்ட நோயாளிகளைத் தனியே விடாமல் தாதிகள் எந்நேரமும் கூடவே இருந்தார்கள். கூட்டமாக நடக்க அழைத்துப் போனார்கள். விளையாட வைத்தார்கள். தேறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது பல டாக்டர்களின் எண்ணம்.

மீண்டும் ஒரு தாவல்

1939 ஜூன் மாதம். நிஜின்ஸ்கி அப்போது சுவிட்சர்லாந்தில் மூன்சிங்கன் ஆஸ்பத்திரியில் இருந்தார். பாரீசிலிருந்து செர்கே லிபார் என்ற நடனக்காரர் பார்க்க வந்தார். கூடவே ஒரு படப்பிடிப்பாளரும் வந்தார்.

லிபாரும் கீவ் நகரத்துக்காரர். நிஜின்ஸ்கி ஆடிய வேடங்களைப் பிறகு ஆடியவர். அவர் நலம் விசாரித்துவிட்டுப் போய்விடவில்லை. நடன உடை அணிந்தார். அந்த அறையிலேயே பயிற்சியைத் தொடங்கினார். கால் நீட்டினார், மடக்கினார், ஆடினார். நிஜின்ஸ்கி பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ஆட்டங்கள் ஒன்றொன்றாக வந்தன.

திடீரென்று நிஜின்ஸ்கி எழுந்தார். தாவினார்!

அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது. ஐம்பது வயது மனிதர். மேடை உடை இல்லை, கோட்டும் கால்சட்டையும்தான். பாதம் இரண்டும் தரையில் இல்லை. கைகள் விரிந்திருக்கின்றன. பின்னால் வெற்றுச் சுவர். சபைக்கு முன்னால் ஆடி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. கால்கள் மறக்கவில்லை.

நோய் தீர்ந்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். தீரவில்லை. ஒரு தாவலால் மனச்சிதைவு தீராது. லிபார் ஊருக்குத் திரும்பினார். தினமும் கூட ஆட அங்கே ஆள் இல்லை. செப்டம்பரில் இரண்டாவது உலக யுத்தம் வந்துவிட்டது.

சிப்பாய்களின் பாட்டு

யுத்தம் நிஜின்ஸ்கியையும் ரொமோலாவையும் ஹங்கேரியில் கொண்டுபோய் விட்டது. நாஜிகள் மனநோயாளிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலம் அது. ரொமோலா அவரை ஒளித்து ஒளித்துக் காப்பாற்றினாள். குண்டு வீச்சுக்குப் பயந்து பாதாள அறைகளில் பதுங்கினார்கள். அவளைக் குறை சொல்பவர்கள் இந்த நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1945-ல் ருஷியப் படை வந்தது. சிப்பாய்கள் முகாம் போட்டார்கள். மாலையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, பாலலைகா என்னும் மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டி, ஊர்ப் பாட்டுப் பாடி ஆடினார்கள். நிஜின்ஸ்கி முதலில் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு நெருங்கினார். ஒரு நாள் நடுவில் புகுந்து தாமும் ஆடத் தொடங்கிவிட்டார் என்று ரொமோலா எழுதியிருக்கிறாள். தாய்மொழி போலப் பழகிய ருஷிய மொழியில் அந்தச் சிப்பாய்களோடு பேசவும் பேசினாராம். வீட்டில் நாள் முழுவதும் வாய் திறக்காத மனிதர்!

அந்தச் சிப்பாய்களில் யாரும் மனநோய் டாக்டர் அல்ல. அவரைக் குணப்படுத்த வேண்டும் என்று அவர்கள் நினைக்கவும் இல்லை. ஆடினார்கள், இடம் விட்டார்கள்.

கடைசி நாட்கள்

யுத்தம் முடிந்த பிறகு ஆஸ்திரியாவில் சில காலம் இருந்தார்கள். பிறகு இங்கிலாந்துக்குப் போனார்கள். வாழ்க்கை அமைதியாகக் கழிந்தது. நடனம் பார்க்க அழைத்துப் போனால் கவனமாகப் பார்ப்பார்.

1950 ஏப்ரல் 8 அன்று லண்டனில் சிறுநீரகக் கோளாறால் நிஜின்ஸ்கி காலமானார். மனச்சிதைவுக்கு முதல் மருந்தான குளோர்புரோமசின் பாரீசில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது 1952-ல். அவருக்கு இரண்டு ஆண்டுகள் பிந்திவிட்டது.

லண்டனில் அடக்கம் செய்த உடலை 1953-ல் பாரீசுக்குக் கொண்டு போனார்கள். மோன்மார்த் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். இன்று அந்தக் கல்லறை மேல் ஒரு சிலை இருக்கிறது. பெட்ருஷ்கா வேடத்தில், குல்லாய் வைத்துக்கொண்டு, நிஜின்ஸ்கி உட்கார்ந்திருக்கிறார்.